யமஹா பி.டபிள்யூ.50: பிள்ளையின் முதல் டேர்ட் பைக்காக யாழ்ப்பாணத்தில் வாங்கலாமா?

பி.டபிள்யூ.50இன் சீற் நிலத்திலிருந்து 47.5 சென்ரிமீற்றர் உயரம். ஐந்து வயதுப் பிள்ளை ஏறி இருந்தால் பெரும்பாலும் இரண்டு பாதமும் குதியோடு நிலத்தில் படும். நான்கு வயதென்றால் முன்பாதம் படும். பிள்ளைக்கு டேர்ட் பைக் தேடுகிறவர்கள் சி.சி.யையும் வேகத்தையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது இந்த உயரத்தை. கால் ஊன்ற முடிகிற பிள்ளை, பைக் சரியும்போது தானாகவே காலை வைக்கும். ஊன்ற முடியாத பிள்ளை பயத்தில் கைபிடியை இறுக்கிப் பிடிக்கும். வலப்பக்கக் கைபிடிதான் அக்சிலேற்றர். மிச்சம் சொல்லத் தேவையில்லை.

அளந்து பார்ப்பது சுகம். பிள்ளையைச் சப்பாத்தோடு சுவரில் சாய்த்து நிற்க வைத்து, ஒரு கொப்பியைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டும்வரை மட்டமாக உயர்த்தி, கொப்பியின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை ரேப் பிடியுங்கள். 45 செ.மீ. வந்தால் தொடங்கலாம். 40 என்றால் இன்னும் ஒரு வருடம் சைக்கிளே போதும். எடைக்கும் எல்லை உண்டு: யமஹா இந்த வண்டிக்குச் சொல்லும் உச்ச எடை 25 கிலோ. ஆக, நான்கு ஐந்து வயதில் ஏறிய பிள்ளை ஏழு எட்டு வயதில் இறங்கிவிடும். மூன்று வருடத்துக்கு இவ்வளவு காசா என்று யோசிப்பவர்கள் பெரிய வண்டியாக வாங்கிவிடுகிறார்கள். வளர வளரப் போடலாம் என்று இரண்டு இலக்கம் கூடின சப்பாத்து வாங்கும் அதே பழக்கம். சப்பாத்துக்குள் பஞ்சு அடைக்கலாம். சீற் உயரத்துக்கு என்ன அடைக்கிறது? சுவிஸில் இருக்கும் மாமா அனுப்பும் காசில் 110 சி.சி. வாங்கி, பிள்ளை இரண்டு தரம் விழுந்து, பிறகு தொடாமல் கராஜுக்குள் தறப்பாள் மூடி நிற்கும் வண்டிகள் இங்கே குறைவில்லை.

வண்டி 1980களின் தொடக்கத்தில் வந்தது. அடிப்படை அமைப்பு இன்றுவரை ஏறக்குறைய அப்படியே. 49 சி.சி., ரூ ஸ்ரோக், ஒற்றை சிலிண்டர். கியர் மாற்றும் வேலை இல்லை, கிளச் பிடியும் இல்லை. எஞ்சின் வேகம் ஏறும்போது உள்ளே இருக்கும் மையவிலக்குக் கிளச் தானே பிடித்துக்கொள்ளும், வேகம் இறங்கினால் விட்டுவிடும். பின்சில்லுக்குச் செயின் கிடையாது, மூடிய தண்டு வழியாகத்தான் வலு போகிறது. சின்ன விரல்கள், காச்சட்டை நுனி, சப்பாத்து நாடா எதுவும் போய்ச் சிக்க இடமில்லை. புழுதியில் செயின் கழுவி ஓயில் போடும் வேலையும் தகப்பனுக்கு மிச்சம். பெற்றோல் தாங்கி 2 லீற்றர். மொத்த எடை ஏறக்குறைய 40 கிலோ.

ஆனால் இந்த வண்டிக்குக் காசு கொடுப்பது இவை எதற்காகவும் இல்லை. ஒரு சின்னத் திருகாணிக்காக.

வலது அக்சிலேற்றர் கூட்டைப் பாருங்கள். கேபிள் உள்ளே போகும் பக்கத்தில் ஒரு திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் கழுத்தில் ஒரு பூட்டுச்சுரை. சுரையைத் தளர்த்தி திருகாணியை வலப்பக்கமாக உள்ளே முறுக்க முறுக்க, கைபிடி திரும்பும் தூரம் குறையும். நன்றாக உள்ளே விட்டால் பிள்ளை எவ்வளவு பலமாக முறுக்கினாலும் வண்டி, பெரியவர் கெதியாக நடக்கும் வேகத்துக்கு மேல் போகாது. வெளியே எடுக்கும்போது ஒரு தடவையில் ஒரு சுற்று. பிறகு பூட்டுச்சுரையை மறக்காமல் இறுக்குங்கள். இறுக்காமல் விட்டால் எஞ்சின் நடுக்கத்திலேயே திருகாணி தானாகக் கழன்று வரும், கட்டுப்பாடும் அதோடு போய்விடும். ஒவ்வொரு தடவை மாற்றிய பின்னும் எஞ்சினை ஓடவிட்டு, ஹான்டிலை இடப்பக்கம் கடைசிவரை, வலப்பக்கம் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அந்த நிலையில் பிள்ளையை ஏற்றக் கூடாது. முடக்கில் திருப்பினவுடன் வண்டி தானாகப் பாயும்.

இரண்டாவது கட்டுப்பாடு சைலன்சர் குழாய்க்குள். குழாய் இணையும் இடத்தில் துவாரத்தைச் சுருக்கும் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தால் வலு கூடும். சில கராஜ்களில் 'சும்மா இழுக்குதில்லை' என்று சொன்னவுடன் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பாவித்த வண்டி பார்க்கப் போகிறவர்கள் தகடு இருக்கிறதா என்று கேட்டால், விற்கிறவர் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, சுவிட்ச். நிற்பாட்டும் நிலை, ஸ்ராட் நிலை, ஓடும் நிலை என்று மூன்று. ஸ்ராட் நிலையில் எஞ்சின் ஓடும், ஆனால் அக்சிலேற்றரை முறுக்கினாலும் வேகம் ஏறாது. கிக் அடித்து எடுக்கும்போது பிள்ளை சீற்றில் இருந்து தெரியாமல் கைபிடியைத் திருகினாலும் வண்டி பாயாது என்பது இதன் பயன். சத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் பிள்ளையைப் பழக்கவும் இதே நிலைதான் நல்லது. அதற்காக நெடுநேரம் இந்த நிலையிலேயே ஓடவிட்டால் பிளக் ஓயில் பிடித்துக் கறுத்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

பிரேக் இரண்டும் கையில். வலது கை முன்சில்லு, இடது கை பின்சில்லு. நம் ஊர்ச் சைக்கிள் உழக்கிப் பழகிய பிள்ளைக்கு இது புதிதே அல்ல. இரண்டு பக்கமும் டிரம் பிரேக். டிஸ்க் இல்லை என்று குறை சொல்பவர்களுக்கு: இந்த எடைக்கும் வேகத்துக்கும் டிரம் தாராளம், கடுமையாகப் பிடித்து முன்சில்லைப் பூட்டிப் பிள்ளையைத் தூக்கி எறியவும் மாட்டாது. லீவர் நுனியில் சுமார் 1 செ.மீ. தளர்வு இருக்கும்படி கேபிளைச் சரி செய்யுங்கள். அதற்கு மேல் தளர்ந்தால் சின்னக் கைக்கு எட்டாது.

குறைகளுக்கு வருவோம். சஸ்பென்சன் என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை: முன்னுக்கு 6 செ.மீ., பின்னுக்கு 5 செ.மீ. அளவுதான் அமுங்கும். உழுத தோட்டத்திலோ, சுண்ணாம்புக்கல் முளைத்த தரையிலோ ஓடினால் பிள்ளையின் பல்லு அடிபடும். சில்லு 10 அங்குலம். ஒரு சாண் அகலக் கிடங்கில் விழுந்தால் ஏற மாட்டாது. கிக் ஸ்ராட் மட்டும்தான்; நான்கு வயதுக் காலுக்கு அந்த வலு இல்லை, ஒவ்வொரு தரமும் பெரியவர் உழக்க வேண்டும். விழுந்த வண்டியை நிமிர்த்தவும் பெரியவர்தான். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற வண்டி இதில்லை என்று இதைக் குணமாகவும் எடுக்கலாம்.

ஓயில் விஷயம் நல்லதும் கெட்டதும் கலந்தது. பெற்றோலுக்குள் ஓயில் கலக்கத் தேவையில்லை. தனியாக ஒரு சின்ன ஓயில் தாங்கி, அதிலிருந்து ஒரு பம்ப் வேண்டிய அளவை எஞ்சினுக்குள் விடும். பெற்றோல் ஊற்றும்போதெல்லாம் ஓயில் தாங்கியையும் பார்க்க வேண்டும். அது வற்றினால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடிக்கொண்டே இருந்து ஒரேயடியாக இறுகும். பிறகு பிஸ்ரன், ரிங், சிலிண்டர் வேலை என்று கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். முழுதாக வற்றிய பின் ஓயில் நிரப்பினால் மட்டும் போதாது, குழாய்க்குள் போன காற்றையும் பம்பில் வெளியேற்ற வேண்டும். போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தரக்குறி போட்ட ரூ ஸ்ரோக் ஓயிலாக இருக்கட்டும்.

பாவித்த வண்டிகளில் பலர் இந்தப் பம்பைக் கழற்றிவிட்டு நேரே கலந்து ஊற்றுகிறார்கள். அது பிழையில்லை, ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 32க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 31 மில்லிலீற்றர் ஓயில். மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் குவளையை வைத்து அளக்கலாம், கண்மட்டம் வேண்டாம். இன்னொன்று: பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா எம்.டி. 90 மோட்டார்சைக்கிள் இன்னும் எங்கள் ஆட்களின் நினைவில் இருக்கிறது, அதனால் 'கொஞ்சம் கலந்தால் என்ன' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எம்.டி. 90 போர் ஸ்ரோக், தாங்கியது. இந்தச் சின்ன ரூ ஸ்ரோக் தாங்காது. தட்டும், சூடேறும், பிஸ்ரன் போகும்.

மற்ற வண்டிகள்

பெயரில்லாத 49 சி.சி. வண்டிகள் ஓன்லைனில் பாதி விலைக்கும் குறைவாக வருகின்றன. கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுவது, இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், பார்க்கப் பெரிய மோட்டோகுரோஸ் வண்டியைச் சுருக்கியது போல வடிவு. முதல் வண்டியாக இதை வாங்க வேண்டாம். எடை பி.டபிள்யூ.50இன் பாதியளவுதான் வரும், ஆனால் வேகத்துக்கு ஒழுங்கான கட்டுப்பாட்டுத் திருகாணி பெரும்பாலும் இருக்காது. ஐடிலை, அதாவது அக்சிலேற்றரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, அதிகமாக வைத்து வருவதால், கயிற்றை இழுத்து எஞ்சின் எடுத்தவுடனேயே பின்சில்லு சுற்றத் தொடங்கும். செயின் வெறுமையாக ஓடும். சுரைகளை முதல் மணித்தியால ஓட்டத்திலேயே மறுபடி இறுக்க வேண்டிவரும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பிள்ளை ஏறுமுன் செய்ய வேண்டியவை: ஐடிலை இறக்கிப் பின்சில்லு நிற்கும்படி செய்வது, ஒவ்வொரு சுரையையும் சாவி போட்டுப் பார்த்து திரெட் லொக் (சுரை கழராமல் பிடிக்கும் பசை) பூசுவது, செயினுக்கு ஒரு தகட்டு மூடி வெட்டிப் பூட்டுவது, அக்சிலேற்றர் கேபிளின் தளர்வைக் கூட்டி முழுதாகத் திறக்காதபடி விடுவது, ஹான்டில் தண்டு ஆடுகிறதா, முன்போர்க் ஒட்டில் வெடிப்பு இருக்கிறதா பார்ப்பது. பெற்றோலுக்கு ஓயில் கலவை பெரும்பாலானவற்றில் 25க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மி.லீ.

பி.டபிள்யூ.50ஐ அச்சொட்டாகப் பார்த்துச் செய்த நகல்களும் உண்டு, பி.வை.50 என்ற பெயரில். தூரத்தில் வித்தியாசம் தெரியாது. எஞ்சின் கூட்டில் அடித்த எழுத்தையும் பிளாஸ்ரிக்கின் தடிப்பையும் பாருங்கள். நகல் என்று தெரிந்து, நகலின் விலைக்கு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

மூன்று நான்கு வயதுக்கு மின்சார பலன்ஸ் சைக்கிள் பி.டபிள்யூ.50ஐ விடவும் நல்ல தொடக்கம். ஸ்ராசிக் என்ற அமெரிக்கப் பெயர் இதில் தெரிந்தது: 12 அங்குலச் சில்லு வண்டியின் சீற் 33 செ.மீ., எடை 8 கிலோவுக்கும் குறைவு, வேகத்துக்கு மூன்று படி. உழக்கி கிடையாது, காலால் தள்ளி ஓடிப் பழகி, பிறகு அக்சிலேற்றருக்குப் போகலாம். சத்தம் இல்லாததால் அயலட்டையில் யாரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பற்றரியை வெய்யிலில் நின்ற வாகனத்துக்குள் விடக் கூடாது, ஓடி முடித்து ஆறிய பிறகுதான் சார்ஜில் போட வேண்டும்.

ஆறேழு வயதில் தொடங்கும் பிள்ளைக்கு ஹொண்டா சி.ஆர்.எஃப்.50எஃப் பொருந்தும். சீற் சுமார் 55 செ.மீ., எடை 50 கிலோ, போர் ஸ்ரோக், கிளச் இல்லாத மூன்று கியர், பின்பிரேக் காலில். இதிலும் வேகக் கட்டுப்பாட்டுத் திருகாணி இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு தனி வசதி: படுத்த சிலிண்டர், மையவிலக்குக் கிளச், மூன்று கியர் என்று அமைப்பு முழுக்க ஹொண்டா கப் குடும்பம், எம்.டி. 90இன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. எம்.டி. 90 பிரித்துப் பூட்டிய கைகள் இங்கே ஒழுங்கைக்கு ஒன்று இருக்கின்றன. உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. எஞ்சினைத் திறந்து மிரளாத மெக்கானிக் கிடைப்பார்.

எங்கே ஓடுவது

தியத்தலாவை பொக்ஸ் ஹில், சாலியபுர கஜபா சூப்பர்குரோஸ் பந்தயங்களைப் போனில் பார்த்த பிள்ளைக்குப் பாய்ச்சல் மேடுதான் கண்ணில் நிற்கும். முதல் ஆறு மாதத்துக்கு வேண்டியது 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம் வரும் வெறும் தரை. வீதியும் ஒழுங்கையும் கணக்கில் இல்லை. விளக்கு, இலக்கத்தகடு இல்லாத வண்டியும் அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையும் அங்கே போக முடியாது, வளவு வாசலுக்கு வெளியே ஐந்து மீற்றர் கூட.

வலிகாமத்துச் செம்மண் தரை மழை முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் மிக நல்ல பிடி கொடுக்கும். ஈரமாக இருக்கும்போது மட்காட்டுக்குள் அப்பி சில்லையே நிற்பாட்டும். வைகாசிக்குப் பிறகு மேலே மாப்போல் புழுதியும் கீழே சீமெந்து போல் இறுகிய தரையுமாக மாறும். அப்போது முன்பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் புழுதி முழுக்க உங்கள் வாய்க்குள். மணற்காடு, அம்பன் பக்கத்து மணல் பார்க்க ஆசையாக இருக்கும். 10 அங்குலச் சில்லு அதில் புதையும், கிளச் வழுக்கிச் சூடேறும், பிள்ளை இன்னும் முறுக்கும். அங்கே மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பன் கொடியையும் சில்லு அறுத்துவிடும். கடற்கரை ஈரமணலில் ஓடலாம்தான், ஆனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பிரேக் கேபிள் மூன்று மாதத்தில் துருப்பிடிக்கும்.

தரையை முதலில் நடந்து பார்க்க வேண்டும், வண்டியில் இருந்தல்ல. கட்டில்லாத தோட்டக் கிணறு, முட்கம்பி வேலி, பனை அடிக்கட்டை, புல்லுக்குள் கிடக்கும் கருக்குமட்டை, போத்தல் ஓடு. கருக்குமட்டை ரயரை மட்டுமல்ல, விழுகிற பிள்ளையின் கையையும் கிழிக்கும். ஒரு சின்னக் கணக்கு: மணிக்கு 15 கி.மீ. என்பது வினாடிக்கு 4 மீற்றருக்கு மேல். பயந்த பிள்ளை பிரேக் பிடிக்க நினைக்க ஒன்றரை வினாடி எடுத்தால் 6 மீற்றர் போய்விடும், நிற்க இன்னும் சில மீற்றர். ஆகவே கிணறும் வேலியும் ஓடும் பாதையிலிருந்து 15 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். முகமாலை, பளைப் பக்கமும், நெடுநாள் படையினர் வசம் இருந்து விடுவிக்கப்பட்ட காணிகளிலும், ஆட்கள் நடந்து புழங்காத பற்றைக்குள் வண்டியை இறக்கவே கூடாது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது வெடிபொருள் இல்லை என்பதற்குச் சான்றல்ல.

உடுப்பு

பைக்குக்கு ஒதுக்கும் காசில் ஹெல்மெற் காசை முதலில் எடுத்து வையுங்கள். பெரியவரின் சின்ன அளவு பிள்ளைக்குப் பொருந்தாது. புருவத்துக்குச் சற்று மேலாகத் தலையைச் சுற்றி அளந்தால் ஐந்தாறு வயதுக்கு 50 முதல் 53 செ.மீ. வரும், பெரியவர்களின் மிகச் சிறிய ஹெல்மெற்றே பெரும்பாலும் 53இல்தான் தொடங்கும். முகம் முழுக்க மூடும், தாடைக்காப்பு உள்ள, பிள்ளைகளுக்கான மோட்டோகுரோஸ் ஹெல்மெற் வேண்டும். பட்டியைப் பூட்டி, தாடைப் பக்கம் பிடித்து இடம் வலம் ஆட்டுங்கள். கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெற் மட்டும் சுழன்றால் பெரிது. பின்பக்கம் பிடித்து முன்னே உருட்டிப் பாருங்கள், கழன்று வந்தால் திரும்பிக் கொடுங்கள். ஒரு தரம் பலமாக அடிபட்ட ஹெல்மெற் வெளியே கீறலில்லாமல் இருந்தாலும் முடிந்தது. ஆகவே பாவித்தது வாங்கக் கூடாது.

செம்மண் புழுதிக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணுக்குள் தூசி விழுந்தால் பிள்ளை கையை எடுத்துத் துடைக்கும். பாட்டா போட்டு ஏறுவது சரிவராது, கணுக்கால் மூடிய சப்பாத்து வேண்டும், நாடா நுனியை உள்ளே செருகுங்கள். முழங்கால், முழங்கை, நெஞ்சுக் காப்பு, முழுவிரல் கையுறை. கையுறையின் விரல் நுனி நீளமாக இருந்தால் லீவரைப் பிடிக்க முடியாது, அதையும் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

முதல் நாட்கள்

சைட் வீல் இல்லாமல் சைக்கிள் ஓடத் தெரியாத பிள்ளையை இதில் ஏற்றாதீர்கள். பி.டபிள்யூ.50க்கும் பக்கச் சில்லு விற்கிறார்கள். பூட்டினால் முடக்கில் சாயப் பழகாது, சமமில்லாத தரையில் ஒரு சில்லு தூக்கி வண்டி பிரளும்.

முதல் நாள் எஞ்சின் வேண்டாம். பிள்ளை ஏறி இருக்க, பின்னால் நின்று தள்ளுங்கள். 'பிரேக்' என்று சொன்னவுடன் இரண்டு லீவரையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். இருபது முப்பது தரம், சிரித்து விளையாடும் அளவுக்கு. இது கைப்பழக்கம் ஆகாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

அடுத்த நாள் திருகாணியை முழுதாக உள்ளே விட்டு எஞ்சினை எடுக்கலாம். நீங்கள் பக்கவாட்டில், சீற்றின் பின்பக்கத்தைப் பிடித்தபடி கூட நடக்க வேண்டும். முன்னால் நின்று 'வா வா' என்று கைதட்டிக் கூப்பிடும் தாய் தகப்பன்தான் அதிகம் அடிபடுவது. பிள்ளை பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும். முடிந்தால் கயிற்று கில் சுவிட்ச் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். கயிறு கழன்றால் எஞ்சின் நிற்கும். வழமையாக அதை ஓட்டுபவர் கையில் கட்டுவார்கள், முதல் வாரம் அது உங்கள் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலான விழுகைகளுக்கு ஒரே காரணம்தான். வண்டி திடீரென்று கிளம்பும், பிள்ளையின் உடம்பு பின்னே சாயும், கைபிடியை விடாமல் பிடித்திருப்பதால் மணிக்கட்டு கீழே இறங்கும், அக்சிலேற்றர் இன்னும் திறக்கும், வண்டி இன்னும் பாயும். 'விடு விடு' என்று கத்தினால் கேட்காது, பயந்த கை இறுகத்தான் செய்யும். இதைத் தடுக்கப் பிள்ளையைச் சீற்றில் நன்றாக முன்னே தள்ளி, பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட இருத்துங்கள். முழங்கை வெளியே, மணிக்கட்டு கைபிடியை விடச் சற்று உயரமாக, இடது கையின் இரண்டு விரல் எப்போதும் பின்பிரேக் லீவரில். கைபிடியை மேலிருந்து பிடித்தால் முறுக்கத் தொடங்கும்போதே மணிக்கட்டு வளைந்து முடிந்துவிடும், அதற்கு மேல் தவறுதலாகத் திறக்காது.

பிறகு 20 மீற்றர் நேரே போய் நிற்பது. நிற்கும் இடத்துக்கு இரண்டு இளநீர்க் கோம்பை வையுங்கள். கோம்பைக்கு நடுவில் முன்சில்லு நிற்க வேண்டும். பத்துக்கு எட்டு தரம் சரிவந்தால் பெரிய வட்டம், இரண்டு பக்கமாகவும். பிள்ளைகள் இடப்பக்கம் சுகமாகத் திரும்புவார்கள், வலப்பக்கம் திரும்பும்போது அக்சிலேற்றர் கை மடங்குவதால் தடுமாறுவார்கள், அதற்குக் கூட நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் எட்டுப் போடுவதும், கால் வைக்கும் கட்டையில் எழுந்து நின்று ஓடுவதும். நின்று ஓடப் பழகிய பிள்ளைக்கு ஒரு சாண் உயர மண்மேடு கட்டிக் கொடுக்கலாம். ஒவ்வொரு கட்டமும் சுத்தமாக வந்த பின் திருகாணி ஒரு சுற்று வெளியே.

ஒரு தடவையில் 15 நிமிடம். ஹெல்மெற்றுக்குள் பிள்ளைக்கு வியர்ப்பது உங்களுக்குத் தெரியாது. காலை ஒன்பதுக்கு முன், பின்னேரம் நான்குக்குப் பின், இடையில் தண்ணீரோ மோரோ. 'இன்னும் ஒரு ரவுண்ட்' என்று கேட்கும்போதே நிற்பாட்டிவிடுங்கள். களைத்த பிறகு வரும் கடைசி ரவுண்டில்தான் விழுவது.

பராமரிப்பு

செம்மண்ணில் ஓடினால் காற்று வடிகட்டியின் பஞ்சை இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒரு தரம் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் பிழிந்து, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, ஓயில் தொட்டுப் பிழிந்து பூட்டுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழியும், அமத்திப் பிழிய வேண்டும். ஓயில் இல்லாத பஞ்சு வழியே மாத்தூசி நேரே சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தின்றுவிடும். ரயர் காற்று 14.5 பி.எஸ்.ஐ.; காற்றடிக்கும் கடையில் வழக்கம்போல் முப்பது அடித்து அனுப்பினால் வண்டி பந்து போல் துள்ளும்.

பள்ளி விடுமுறைக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்கு வரும் நோய் ஒன்றுதான்: காபரேற்றர் ஜெற், அதாவது பெற்றோல் போகும் சின்னத் துளை, அடைபடுவது. பெற்றோல் குழாயை மூடிவிட்டு, காபரேற்றரில் இருப்பது முடிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு நிறுத்தி வைத்தால் இது வராது. எடுக்க மறுத்தால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாகக் கறுத்திருந்தால் துடைத்து, கம்பிப் பிரஷ் போட்டு, சோக்கை மூடாமல் கிக் அடிக்கலாம். என்.ஜி.கே. பி.பி.ஆர்.4எச்.எஸ். பிளக் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். பிளக்கும் கேபிளும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். ரயர் 2.50-10, ஸ்கூட்டருக்கு வரும் 90/100-10 அதே பத்து அங்குலம்தானே என்று வாங்கிவராதீர்கள், அகலம் பொருந்தாது.

பாவித்த வண்டி பார்க்கும்போது இந்த வரிசையில் பாருங்கள்: அக்சிலேற்றர் திருகாணி, சைலன்சர் தகடு, ஓயில் பம்ப் பூட்டியிருக்கிறதா, சுவிட்சின் மூன்று நிலையும் வேலை செய்கிறதா, கால் வைக்கும் கட்டைக்குக் கிட்ட சட்டத்தில் வெடிப்பு. பின்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினால் தண்டுப்பக்கம் கரகரக்கக் கூடாது. சூடான பிறகும் வெள்ளைப் புகை தடித்து நின்றால் எஞ்சினுக்குள் சீல் போயிருக்கலாம், விலையை அதற்கேற்பக் குறையுங்கள். பிள்ளைக்கு 25 கிலோ வந்தவுடன் நீங்களும் விற்கத்தான் போகிறீர்கள். சைலன்சர் தகட்டைக் கழற்றியிருந்தால் எறியாமல் ஒரு பையில் போட்டு சீற்றுக்கடியில் கட்டி வையுங்கள். அடுத்து வாங்குகிற வீட்டிலும் நான்கு வயதுப் பிள்ளைதான் இருக்கும்.